தனிவாசலில் நானூற்றுப் பன்னிரண்டு பேர்

அலுவலகத்தில் எல்லோருக்கும் அவன் மாப்பிள்ளை. முதலாளி அப்படிக் கூப்பிட்டார். அதில் நியாயம் இருந்தது, அவருடைய தங்கையைத்தான் அவன் கட்டியிருந்தான். முதலாளியே கூப்பிடுகிறாரே என்று வரவேற்பு மேசைப் பெண்ணும் கூப்பிட்டாள். லிஃப்ட் பழுதுபார்க்க வருகிறவர்கூட, "மாப்ள, காலைக் கொஞ்சம் எடுத்துக்குங்க" என்றார். ஆறு வருடத்தில் ஏழு மாடிக் கட்டடமே அவனுக்கு மாமனார் வீடாகிவிட்டது. அறைக் கதவிலிருந்த பெயர்ப்பலகை கழன்று விழுந்தபோது யாரும் திரும்ப மாட்டவில்லை. யாருக்கும் தேவைப்படவில்லை.

மாப்பிள்ளை என்றால் கொஞ்சம் முறுக்கு இருக்க வேண்டும் என்பார்கள். இவனுக்கு முறுக்கும் கிடையாது, மிடுக்கும் கிடையாது. மச்சான் கெட்டவராக இருந்திருந்தால் முறுக்கிப் பார்த்திருக்கலாம். அவரோ தங்கம். கல்யாணமான புதிதில், "வேற வீடு அமையற வரைக்கும் நம்ம மாடியில ரெண்டு மாசம் இருங்க மாப்ள" என்றார். பிறகு, "வேற வேலை அமையற வரைக்கும் நம்ம ஆபீஸ்ல ரெண்டு மாசம் உக்காருங்க" என்றார். அந்த ரெண்டு மாசம் இன்னும் முடியவில்லை. காலையில் மச்சான் காரில் வந்தான், மதியம் மச்சான் வீட்டுச் சாப்பாட்டைச் சாப்பிட்டான், சாயங்காலம் மச்சான் காரிலேயே மச்சான் வீட்டு மாடிக்குப் போனான். கொடுமைக்காரனிடமிருந்து தப்பிக்க ஓர் ஏணி போதும். நல்லவனிடமிருந்து தப்பிக்க என்ன வேண்டும் என்பது அவனுக்குப் பிடிபடவில்லை.

அன்று அவன் சட்டைப்பையில் இருந்த போனுக்குள் ஒரு கடிதம் இருந்தது. ஆறு மணி நேர ரயில் தூரத்தில் ஒரு மருந்து நிறுவனம். மாத்திரைப் பெட்டிக்குள் எட்டாக மடித்து வைப்பார்களே ஒரு துண்டுச்சீட்டு, அதைத் தமிழில் எழுதும் வேலை. யாரும் படிக்க மாட்டார்கள். ஆகவே யாரும் திட்ட மாட்டார்கள். அவனுக்கு அது சொர்க்கம். வருகிறானா இல்லையா என்று இன்று மாலை ஐந்து மணிக்குள் பதில் போட வேண்டும். ஐந்து மணிக்கு மேல் அந்த நாற்காலி அடுத்தவருக்கு.

காலையில் படியிறங்கும்போது மனைவி சட்டையைப் பிடித்து நிறுத்தினாள்.

"இன்னைக்குச் சொல்லிடுவீங்கல்ல."

"சொல்லிடறேன்."

"இப்படித்தான் நாலு நாளாச் சொல்றீங்க. சொல்லிடறேன்னு என்கிட்டச் சொல்றீங்க, அண்ணன்கிட்டச் சொல்ல மாட்டேங்கறீங்க."

"இன்னைக்குச் சத்தியமா."

"ஆனா ஒண்ணு. நான் சொல்லித்தான்னு மட்டும் சொல்லிடாதீங்க. அண்ணன் தாங்க மாட்டாரு."

தாங்க மாட்டார்தான். அண்ணனுக்கும் தங்கைக்கும் பன்னிரண்டு வயது வித்தியாசம். அப்பா அம்மா போன பிறகு அவளுக்குத் தலைவாரிப் பள்ளிக்கு அனுப்பியது அவர். அந்தப் பாசம் இன்றைக்கும் குறையவில்லை, குறையாததுதான் கஷ்டம். சாயங்காலமானால் பழப்பையோடு மாடிக்கு வருவார். கதவைத் தட்ட மாட்டார். "நான்தான்" என்றபடி உள்ளே வந்துவிடுவார். 'நான்தான்' என்பது கதவைத் தட்டுவதில் சேருமா என்று கணவனும் மனைவியும் பல நாள் விவாதித்திருக்கிறார்கள், மெதுவான குரலில், ஏனென்றால் கீழே கேட்கும்.

சரி, வேலைக்கு வருவோம். மச்சானின் அலுவலகத்துக்கு வேலை, எங்கோ தூரத்தில் இருக்கும் பெரிய நிறுவனம் உருவாக்கும் கணினி விளையாட்டுகளைத் தமிழ் பேச வைப்பது. வார்த்தைகளை எழுதுவது மாப்பிள்ளை. விளையாட்டு வெளியான பிறகு, விளையாடியவர்கள் எழுதி அனுப்பும் கருத்துகளைப் படித்துப் பாராட்டு, புகார், திட்டு என்று மூன்றாகப் பிரிப்பதும் அவன்தான். புகாருக்கும் திட்டுக்கும் என்ன வேறுபாடு என்று பூச்சி ஒருமுறை கேட்டாள். "புகார்ல விளையாட்டைத் திட்டுவாங்க, திட்டுல என்னைத் திட்டுவாங்க" என்றான்.

பூச்சி என்பது விளையாட்டில் உள்ள கோளாறுகளைத் தேடிப் பிடித்துச் சரிசெய்யும் பெண். கோளாறைப் பூச்சி என்பது அந்தத் தொழிலின் பேச்சு. பிடிக்கிறவளுக்கே பெயராக நிலைத்துவிட்டது. அவளுக்கு அதில் வருத்தமில்லை. "உங்களுக்காவது உறவுமுறையில பேரு. எனக்கு உழைச்சுக் கிடைச்ச பேரு" என்பாள்.

இரண்டு வாரம் முன்பு வெளியான விளையாட்டுக்கு ஆழிக்கோட்டை என்று பெயர். ஏழு கோட்டைகளைக் கடக்க வேண்டும். உலகம் முழுக்க ஒரே நேரத்தில் ஆயிரக்கணக்கானவர்கள் உள்ளே திரிவார்கள். தனியாகத் திரிய வேண்டாம், ஒரு துணையை வரவழைத்துக்கொள்ளலாம். லாந்தர் தூக்கிய நரி, முதுகில் பாசி படிந்த கரடி, கவசம் போட்டும் எதைப் பார்த்தாலும் பயப்படும் ஒரு கிழட்டு ஆடு. விளையாட்டில் பொத்தானே கிடையாது, எல்லாம் வாய்ப்பேச்சு. அதுதான் அதன் விளம்பரமும். "வா" என்றால் துணை வரும். "போ" என்றால் போகும்.

அந்த இரண்டு சொல்லும் மாப்பிள்ளை எழுதியவை. நாலாயிரத்துச் சொச்சம் சொற்கள் கொண்ட பட்டியலில், ஒரு கட்டத்துக்கு ஒரே சொல் என்று கட்டளை. சாப்பாட்டு நேரத்துக்கு அரை நிமிடம் முன்னால் 'வா' என்று ஒரு கட்டத்திலும் 'போ' என்று அடுத்ததிலும் எழுதிவிட்டுக் கை கழுவப் போனான். கை கழுவினான் என்பது சரியான வார்த்தைதான் என்று பிறகு தெரிந்தது.

முதல் வாரக் கருத்துகள் தேனாக வந்தன. சோம்பேறிச் சிங்கம் என்ற பெயரில் விளையாடும் ஒருவர், "நரி என் பின்னாடியே வருது. நான் நின்னா நிக்குது. வீட்ல பெத்த ரெண்டும் இப்படி இருந்ததில்ல" என்று எழுதியிருந்தார். மூன்றாம் மருமகள் என்று ஓர் அம்மா: "கரடி நான் சொல்றதை முழுசாக் கேக்குது. நடுவுல பேசல. எங்க குடும்பத்துல இப்படி ஒரு ஆள் வந்து பதினெட்டு வருஷம் ஆச்சு." மாப்பிள்ளை இவற்றைப் பாராட்டில் போட்டுவிட்டு, மச்சானுக்கும் படித்துக் காட்டினான். மச்சான் ஆட்டைப் பற்றி வந்ததை மட்டும் இரண்டாம் முறை படிக்கச் சொன்னார்.

இன்று காலை வந்த கருத்துகள் எந்தப் பிரிவிலும் அடங்கவில்லை.

"ஐயா, நாங்க எல்லாரும் மூணாங்கோட்டை முற்றத்துல நிக்கிறோம். வெள்ளிக்கிழமையில இருந்து நிக்கிறோம்" என்று தொடங்கியது முதல் கருத்து. "முன்னாடி வாசல் திறக்கல. பின்னாடி வாசல் மூடிக்கிச்சு. கம்ப்யூட்டரை அணைச்சுட்டு மறுபடி வந்தாலும் இதே முற்றம்தான். ஆளுங்க நல்லவங்க. அதைக் குறை சொல்ல மாட்டேன்." அடுத்தது: "நேத்து நூத்திப் பத்துப் பேரு இருந்தோம். இன்னைக்கு எண்ணிப் பாத்தா நானூத்திப் பன்னெண்டு. எல்லாம் தமிழ் பேசற ஆளுங்க. மத்த மொழிக்காரங்க வராங்க, எங்களைப் பாக்கறாங்க, உள்ள போயிடறாங்க." சோம்பேறிச் சிங்கம் ஒரே வரி எழுதியிருந்தார்: "என் நரி போக மாட்டேங்குது."

மாப்பிள்ளை பூச்சியின் மேசைக்கு ஓடினான். அவள் ஏற்கெனவே அந்த முற்றத்தில் நின்றுகொண்டிருந்தாள், திரையில். பக்கத்தில் கிழட்டு ஆடு. எதிரே பெரிய கல்வாசல். அதற்குத் தனிவாசல் என்று பெயர் வைத்ததும் அவனே. அதன் வழியாகத் துணை இல்லாமல் ஒற்றை ஆளாகத்தான் போக முடியும்.

"மூணாங்கோட்டைய நீ சோதிச்சுப் பாக்கலையா?"

"பாத்தேனே. ஆட்டைப் போன்னு சொன்னேன், போச்சு. நானும் உள்ள போனேன்."

"சொல்ல மனசு வந்துச்சா உனக்கு?"

"வராம? எங்க வீட்ல நாலு தம்பிங்க மாப்ள. ஒரு நாளைக்கு நாப்பது தடவை சொல்ற வார்த்தை."

"இப்ப இவங்க என்ன சொல்றாங்க?"

பூச்சி ஒலியைக் கூட்டினாள். முற்றம் முழுக்கத் தமிழ்க் குரல்கள். ஓர் ஆண், குழந்தையிடம் பேசுவதுபோல, "போயிட்டு வாடா கண்ணு" என்றார். ஒரு பெண், "பத்திரமாப் போயிட்டு வா, உள்ள வேலை முடிஞ்சதும் கூப்பிடறேன்" என்றாள். இன்னொருவர் பிரியாவிடை கொடுப்பதுபோல நீட்டி, "போய்ட்டு வாப்பா" என்றார். அவரவர் துணைகள் நாலடி போயின. நின்றன. திரும்பின. காதை ஆட்டிக்கொண்டு நாலடி வந்து காலடியில் உட்கார்ந்தன.

விஷயம் விளங்கிவிட்டது. இயந்திரம் வஞ்சகமில்லாதது. 'போ' கேட்டால் அனுப்பியது. 'வா' கேட்டால் அழைத்தது. இரண்டையும் ஒரே மூச்சில் சொன்னால் அதுவும் இரண்டையும் ஒரே மூச்சில் செய்தது.

"வெறும் 'போ'ன்னு சொல்லித் தொலைச்சா என்னவாம் இவங்களுக்கு?" என்றாள் பூச்சி.

அதற்கும் ஒரு கருத்து வந்திருந்தது, மூன்றாம் மருமகளிடமிருந்து. "ஒரு பொண்ணு வந்து, போன்னு மட்டும் சொல்லுங்கம்மான்னா. சொன்னேன். கரடி திரும்பி என்னைப் பாத்துச்சு. பதினஞ்சு நாளாக் கூடவே வந்த ஜீவன். வாய் தவறிச் சொல்லிட்டேன், வாடான்னு கூப்பிட்டுட்டேன். வாசல் மூடியே இருந்தா இருக்கட்டும்."

பூச்சி அதைப் படித்துவிட்டு, "இது பாராட்டா, புகாரா?" என்று கேட்டாள். மாப்பிள்ளை அதை மூன்றிலும் சேர்க்காமல் தனியாக வைத்தான்.

பதினொரு மணிக்கு மச்சான் அவன் அறைக்கு வந்தார். கதவைத் தட்டவில்லை. "நான்தான்" என்றார்.

"மேலிடத்துல இருந்து கேட்டிருக்காங்க மாப்ள. பதினாலு மொழியில வந்திருக்கு, தமிழ் ஆளுங்க மட்டும் ஏன் வாசலைத் தாண்டலன்னு. சாயங்காலத்துக்குள்ள விளக்கம் வேணுமாம்."

"தப்பு என்னோடதுதான் மச்சான். அந்தக் கட்டத்துல..."

"தப்பெல்லாம் யாரு கேட்டா? ஒரு பக்கம் எழுதிக் குடுங்க, நான் அவங்க மொழியில மாத்தி அனுப்பிக்கறேன். யார் எழுதினதுன்னு கேட்டா நான்தான்னு சொல்லிக்கறேன்." போகும்போது திரும்பி, "காலைல சரியாச் சாப்பிடலையாமே? தங்கச்சி சொன்னா" என்றார்.

போனுக்குள் இருந்த கடிதம் மாப்பிள்ளையின் நெஞ்சில் சுட்டது. இவரிடம் போய் எப்படிச் சொல்வது? ஒரு தடவையாவது திட்டித் தொலைக்கலாம் அல்லவா மனிதர்? ஒரு சுடுசொல், ஒரு முறைப்பு, ஒரு கிள்ளல்? பிடித்துக்கொண்டு இறங்க ஒரு படியாவது வேண்டாமா?

மதியம் மனைவி கூப்பிட்டாள்.

"சொல்லிட்டீங்களா?"

"சொல்ற இடத்துக்கு வந்துட்டேன்."

"எந்த இடம்? குரல் ஏன் எதிரொலிக்குது?"

"பாத்ரூம்."

அந்தப் பக்கம் அவள் மாடிக் கதவைச் சாத்தும் சத்தம் கேட்டது. பிறகு, "நான் ஒண்ணும் அவரை வெறுக்கல" என்றாள். "கதவைச் சாத்தினா அது சாத்தின கதவா இருக்கணும். அவ்வளவுதான் எனக்கு. அது தப்பா?"

"தப்பில்ல."

"ராத்திரி சண்டை போடணும்னாக்கூட நாம ரெண்டு பேரும் குசுகுசுன்னு போட வேண்டியிருக்கு. எனக்கு ஒரு தடவை உங்களைச் சத்தமாத் திட்டணும்."

"எனக்கும் கேக்கணும்னு ஆசைதான்" என்றான். உண்மையாகவே ஆசையாக இருந்தது.

விளக்கம் எழுத உட்கார்ந்தான். முதலில் எழுதியது இலக்கணப் பாடம் போல் இருந்தது. இரண்டாவது மன்னிப்புக் கடிதம் போல் இருந்தது. மூன்றாவதை யோசிக்காமல் எழுதினான்:

"எங்கள் ஆட்கள் பிரியும்போது 'போ' என்று சொல்வதில்லை. போகிறவரும் 'போகிறேன்' என்பதில்லை. போய்விட்டு வருவதாகச் சொல்லித்தான் போவோம். திரும்பி வரப்போவதில்லை என்று இரண்டு பேருக்கும் தெரிந்திருந்தாலும் அப்படித்தான் சொல்வோம். சொல்கிற விதத்தில் எது போவது, எது வருவது என்று கேட்பவருக்குப் புரிந்துவிடும். புரியாதது போல் இருக்க விரும்பினால், புரியாதது போலும் இருக்கலாம். உங்கள் இயந்திரத்துக்கு இந்த வசதி இல்லை. அது இயந்திரத்தின் குற்றமன்று. அந்தக் கட்டத்தில் ஒரே சொல்லை எழுதியவனின் குற்றம்."

பின்னால் நின்று படித்த பூச்சி, "இது விளக்கமா, யாருக்காவது எழுதின லெட்டரா?" என்றாள்.

"உன் வேலை என்னாச்சு?"

"முடிஞ்சுது. 'போ'வுக்குப் பின்னாடி எத்தனை 'வா' வந்தாலும் கண்டுக்காதேன்னு மிஷின்கிட்டச் சொல்லிட்டேன். அஞ்சு நிமிஷ வேலை. நீங்கதான் ரெண்டு மணி நேரமா எழுதறீங்க."

நாலரை மணிக்குத் தனிவாசல் திறந்தது. நானூற்றுச் சொச்சம் பேர் தங்கள் துணைகளைப் போய்வரச் சொன்னார்கள்; துணைகள் போயின; அவர்கள் ஒவ்வொருவராக உள்ளே நுழைந்தார்கள். கருத்துகள் வரத் தொடங்கின. "அப்பாடா" என்று பலர். சோம்பேறிச் சிங்கம், "நாலு நாள் முற்றத்துல பழகின ஆளுங்களைப் பிரிஞ்சதுதான் கஷ்டம்" என்று எழுதினார். மூன்றாம் மருமகள் எழுதியது: "உள்ளே வந்துட்டேன். ரொம்ப அமைதியா இருக்கு. நல்லா இருக்குன்னு சொல்ல வாய் வரல, ஆனா நல்லாத்தான் இருக்கு."

மாப்பிள்ளை எழுந்தான். தாளை எடுத்துக்கொண்டான். நாற்பது மீட்டர் நடைபாதையில் மூன்று முறை தண்ணீர் குடித்தான்.

மச்சான் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு விளக்கத்தைப் படித்தார். ஒரு தடவை முடித்துவிட்டு மறுபடி முதலிலிருந்து படித்தார். சுவர்க் கடிகாரத்தில் நாலு மணி நாற்பத்தொன்று.

"நல்லா எழுதியிருக்கீங்க" என்றார்.

மாப்பிள்ளை கண்ணை மூடிக்கொண்டான். "மச்சான், நான் போறேன்."

ஆறு வருடத்தில் முதல்முறையாக அந்தச் சொல் வெளியே வந்துவிட்டது. இடி விழும் என்று காத்திருந்தான்.

மச்சான் அவனைப் பார்த்துச் சிரித்தார். "என்ன மாப்ள நீங்க. இப்பத்தான் ஒரு பக்கம் எழுதிக் குடுத்தீங்க. போறேன்னு சொல்லலாமா? போயிட்டு வரேன்னு சொல்லுங்க."

"போயிட்டு வரேன் மச்சான்" என்றான் மாப்பிள்ளை. வாய் பழகிய வாய்.

"ம். கார் ஆறு மணிக்குத்தான். வேலை முடிஞ்சா கொஞ்சம் படுங்க."

கதவு வரைக்கும் போய்விட்டான். பிடியில் கையும் வைத்துவிட்டான். நாலடி போய், நின்று, திரும்பி, நாலடி வந்தபோதுதான் தான் யாரைப் போல நடக்கிறோம் என்று அவனுக்கு உறைத்தது. வெட்கத்தில் போனை எடுத்து, கடிதத்தைத் திறந்து, மச்சானின் மேசைமேல் வைத்தான். வாய் செய்யாததைக் கை செய்யட்டும்.

மச்சான் மெதுவாகப் படித்தார்.

"மருந்துச் சீட்டா?"

"ஆமா மச்சான்."

"அதை யாரு படிக்கறா?"

"யாரும் படிக்க மாட்டாங்க."

"அப்ப நிம்மதியான வேலைதான்" என்றார். குத்தல் இல்லை, மெய்யாகவே சொன்னார். "ஆறு மணி நேரம் ரயில்ல."

"ஆமா."

மச்சான் கண்ணாடியைக் கழற்றினார். "இது தங்கச்சி யோசனையா மாப்ள?"

'ஆமாம்' என்ற ஒரு சொல்லில் மாப்பிள்ளை தப்பித்துவிடலாம். ஆனால் அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு அதைச் சொல்ல வேண்டும். தலைவாரிவிட்ட பெண்ணுக்கு உங்கள் வீட்டை விட்டுப் போக வேண்டுமாம் என்று சொல்ல வேண்டும்.

"இல்ல மச்சான். எனக்குத்தான் போகணும்" என்றான். பொய்தான். ஆனால் சொல்லும்போது தொண்டையில் சிக்காமல் வந்தது, பாதி உண்மை என்பதால் இருக்கலாம்.

மச்சானின் முகம் தெளிந்துவிட்டது. அதுதான் ஆபத்து.

"அப்படின்னா சரி" என்றார். "உங்களுக்கும் ஆசை இருக்கும்ல. நான் தடுக்க மாட்டேன். அவளை எதுக்கு அலைக்கழிக்கணும்? அவ பாட்டுக்கு இங்கயே இருக்கட்டும். நீங்க போய் வேலையப் பாருங்க. வாராவாரம் வாங்க. ஸ்டேஷனுக்கு நானே கார் அனுப்பறேன்."

மாப்பிள்ளைக்குத் தலை சுற்றியது. பழியைத் தன் தலையில் போட்டுக்கொண்டால் வாசல் திறக்கும் என்று நினைத்தான். திறந்துவிட்டது, ஒற்றை ஆளுக்கு மட்டும். யாருக்குக் கதவு வேண்டுமோ அவள் முற்றத்தில். யாருக்கு எங்கே இருந்தாலும் ஒன்றுதானோ அவன் கோட்டைக்குள். இப்படி ஒரு வாசலை யோசித்தவர்கள் எங்கோ தூரத்தில் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று இத்தனை நாள் நம்பிக்கொண்டிருந்தான். இந்த அறையிலேயே ஒருவர் இருக்கிறார். அதுவும் அன்பாகக் கட்டிவிட்டார்.

"அவளும் வருவா மச்சான்."

"அவ சொன்னாளா?"

சொன்னாள் என்றால் அவளைக் காட்டிக்கொடுத்தது ஆகும். சொல்லவில்லை என்றால் அவள் இங்கே இருப்பது முடிவாகும். மாப்பிள்ளை வாயைத் திறந்தான். மூடினான். மறுபடி திறந்தான்.

"என்ன மாப்ள, மீன் மாதிரி. இருங்க, அவளையே கேட்டுருவோம்." மச்சான் தன் போனை எடுத்தார். ஸ்பீக்கரில் போட்டு, மேசை நடுவில் விளக்கத் தாளின்மேல் வைத்தார். நாலு மணி ஐம்பத்திரண்டு.

"என்னண்ணே, இந்த நேரத்துல." பின்னால் குழாயில் தண்ணீர் விழும் சத்தம்.

"ஒண்ணுமில்லம்மா. மாப்ளைக்கு வெளியூர்ல ஒரு வேலை வந்திருக்கு. அவருக்குப் போகணுமாம். உன்னை எதுக்குக் கஷ்டப்படுத்தறதுன்னு பேசிக்கிட்டிருக்கோம். நீ இங்கயே இருக்கியா? கீழ உன் ரூம் அப்படியேதான் இருக்கு."

குழாய் நின்றது. 'அவருக்குப் போகணுமாம்' என்ற இரண்டு சொல்லில், புருஷன் என்ன செய்து வைத்திருக்கிறான் என்பது அவளுக்குப் புரிந்திருக்கும். மாப்பிள்ளை தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவளால் முடியாது. இவனாலேயே ஆறு வருடம் முடியாததை, அண்ணன் கேட்டுக்கொண்டிருக்க, அவள் எப்படிச் சொல்வாள்? 'இருக்கேண்ணே' என்றுதான் சொல்வாள். சொல்லிவிட்டால் அது கல்லில் எழுதினது.

"அம்மா?" என்றார் மச்சான்.

"அண்ணே."

"சொல்லும்மா."

"நீங்க சாப்பிட்டீங்களா?"

"ஆச்சு."

"மாத்திரை?"

"போட்டேன்."

மச்சான் போனின் பக்கம் குனிந்தார். மூச்சு விடும் ஓசை மட்டும் கேட்டது. யாருடையது என்று சொல்ல முடியவில்லை.

"சரிண்ணே" என்றாள். "வரேன்."

விடைபெறும்போது எல்லோரும் சொல்கிற சொல். ஆனால் அவள் போனை வைக்கவில்லை. சொல்லிவிட்டுக் காத்திருந்தாள்.

மச்சான் அசையாமல் இருந்தார். கல்யாணத்தன்றுகூட அவள் அவரிடம் அந்தச் சொல்லைச் சொன்னதில்லை. மாடிக்குத்தானே போனாள், யாரும் மாடிக்குப் போக விடைபெறுவதில்லை. மாப்பிள்ளை முதல்முறையாக அவர் முகத்தை நேராகப் பார்த்தான். புரியாதது போல் இருக்க அவருக்கு வசதி இருந்தது. எல்லா வசதியும் இருந்தது.

"சரிம்மா" என்றார் மச்சான். "சரி."

அதன் பிறகுதான் அவள் வைத்தாள்.

மச்சான் கண்ணாடியைத் துடைத்தார். துடைத்த கண்ணாடியை மறுபடி துடைத்தார்.

"வரேங்கறா" என்றார்.

"ஆமா மச்சான்."

"எத்தனை நாளா?"

மாப்பிள்ளை வாயைத் திறக்க, மச்சான் கையைக் காட்டித் தடுத்தார். "வேணாம். சொல்ல வேணாம். எனக்குத்தான்னு சொன்னீங்கல்ல, அப்படியே இருக்கட்டும். அவ கேட்டா நானும் அப்படித்தான் சொல்வேன்." மேசைமேல் இருந்த மாப்பிள்ளையின் போனை அவன் பக்கம் தள்ளினார். "அஞ்சாகப் போகுது. பதிலைப் போடுங்க. இங்கயே உக்காந்து போடுங்க, உங்க ரூம்ல சிக்னல் சரியா இருக்காது."

மாப்பிள்ளை நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து எழுதத் தொடங்கினான். அவசரத்தில், 'பணியில் சேர்கிறேன்' என்பது 'பனியில் சேர்கிறேன்' ஆனது. அழித்து எழுதினான். மச்சான் அந்த நேரத்தில் விளக்கத் தாளை இழுத்து, பேனாவால் கடைசி வரியை அடித்தார்.

"எழுதினவன் குற்றம்னு எதுக்கு இது? மேலிடத்துல படிக்கறவனுக்கு ஒரு ஆளு மாட்டினாப் போதும், விட மாட்டான். நாளைக்கு வேற ஊர்ல வேலைக்குப் போற மனுஷனுக்கு இது நல்லதில்ல. நான் வேற மாதிரி எழுதிக்கறேன்."

மாப்பிள்ளைக்குத் திரை மங்கலாகத் தெரிந்தது. அனுப்பும் இடத்தைத் தடவிக் கண்டுபிடித்து அழுத்தினான்.

மச்சான் தாளிலிருந்து தலையைத் தூக்காமல் கேட்டார்.

"போயிருச்சா?"

"போயிருச்சு மச்சான்."